பாமாயில், உப்புக்கண்டம், மூலிகை இலை: அடிமை வரலாற்றைக் கலையாக்கும் பிரேசிலின் அய்ர்சன் எராக்ளிட்டோ யார்?

வெள்ளை உடை அணிந்த சிலர் கையில் இலைக் கொத்துகளோடு ஒரு பழைய கட்டடத்துக்குள் நுழைகிறார்கள். சுவர், வாசல், ஜன்னல் என ஒவ்வொரு இடத்தையும் அந்த இலைகளால் ஓங்கி அடிக்கிறார்கள். மூலை முடுக்கு எதையும் விடுவதில்லை. 'என்ன இது, பேய் ஓட்டுற மாதிரி இருக்கே' என்று உங்களுக்குத் தோன்றினால் அதில் தப்பில்லை. கிட்டத்தட்ட அதேதான் நடக்கிறது.

ஆனால் இது ஒரு கலைப்படைப்பு. 2017-ம் ஆண்டு இத்தாலியின் வெனிஸ் பினாலேயில், அதாவது உலகின் மிகப் பெரிய கலைக் கண்காட்சிகளில் ஒன்றில், இந்த வீடியோ காட்டப்பட்டது. அங்கே விரட்டப்படுவது ஏதோ ஒரு ஆவி மட்டுமல்ல. 300 ஆண்டுகளுக்கும் மேலாக நடந்த அடிமை வியாபாரத்தின் நினைவு.

இதை உருவாக்கியவர் பிரேசில் கலைஞர் அய்ர்சன் எராக்ளிட்டோ. தன் கண்காட்சி ஒன்றுக்கு அவர் வைத்த பெயர் 'யோருபாயியானோ'. 'யோருபா' என்ற ஆப்பிரிக்க இனத்தின் பெயரையும், 'பஹியாக்காரர்' என்று பொருள்படும் 'பாயியானோ' என்ற போர்த்துகீசியச் சொல்லையும் ஒட்டவைத்து உருவாக்கிய பெயர் அது. அந்த ஒரு சொல்லைப் புரிந்துகொண்டால் அவருடைய மொத்தக் கலையும் புரிந்துவிடும். வாங்க, ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

யார் இந்த எராக்ளிட்டோ?

1968-ல் பிரேசிலின் வடகிழக்கில் உள்ள பஹியா மாநிலத்தில், மகாவுபாஸ் என்ற ஊரில் பிறந்தவர். ஓவியம், புகைப்படம், வீடியோ, நிகழ்த்துகலை எல்லாவற்றிலும் இயங்குகிறார். கஷோயெய்ரா நகரில் உள்ள ரெகோன்காவோ பஹியா கூட்டாட்சிப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். கண்காட்சிகளைத் தொகுக்கும் கியூரேட்டரும்கூட.

இன்னொரு அடையாளமும் உண்டு. கண்டோம்ப்ளே என்ற ஆப்பிரிக்க-பிரேசிலிய மதத்தில் அவர் ஒரு 'ஒகான்'. வழிபாட்டின்போது சாமி வந்து ஆடாமல், சடங்கு முறையாக நடக்கத் துணை நிற்கும் ஆண்களுக்கான பொறுப்பு இது. ஆக, வெளியே நின்று ஒரு மதத்தை வேடிக்கை பார்த்து, அதிலிருந்து 'டிசைன்' எடுத்துக்கொள்பவர் அல்ல. உள்ளே இருப்பவர். இந்த வித்தியாசம் பின்னால் முக்கியமாகப்போகிறது, நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

யோருபா மக்கள் பிரேசிலுக்கு எப்படிப் போனார்கள்?

போகவில்லை, கொண்டுபோகப்பட்டார்கள்.

யோருபா என்பது இன்றைய தென்மேற்கு நைஜீரியாவிலும், பெனின், டோகோ நாடுகளின் சில பகுதிகளிலும் வாழும் மக்களையும் அவர்களின் மொழியையும் குறிக்கும் பெயர். அவர்களின் பலம் வாய்ந்த அரசாக இருந்த ஓயோ பேரரசு 19-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சரிந்தது. அதைத் தொடர்ந்த போர்களில் சிறைபிடிக்கப்பட்டவர்கள் கடற்கரைக்கு இழுத்து வரப்பட்டு, கப்பல்களில் அடைக்கப்பட்டார்கள். அவர்களில் பெரும் பகுதியினர் இறக்கப்பட்ட இடம் பஹியாவின் தலைநகர் சால்வடோர்.

அட்லாண்டிக் அடிமை வியாபாரத்தில் ஆப்பிரிக்காவிலிருந்து ஏற்றப்பட்டவர்கள் சுமார் 1.25 கோடி பேர் என்று வரலாற்று ஆய்வாளர்கள் மதிப்பிடுகிறார்கள். உயிரோடு கரை சேர்ந்தவர்கள் சுமார் 1.07 கோடி. அதில் கிட்டத்தட்ட 49 லட்சம் பேர் வந்து இறங்கியது பிரேசிலில். அமெரிக்காவின் அடிமை வரலாறு பற்றி நாம் படங்களில் நிறையப் பார்த்திருக்கிறோம். ஆனால் இன்றைய அமெரிக்க ஐக்கிய நாடுகளின் பகுதிக்கு நேரடியாகக் கொண்டுவரப்பட்டவர்கள் 4 லட்சத்துக்கும் குறைவு. பிரேசிலின் கதை எவ்வளவு பெரியது என்பது இப்போது புரிகிறதா?

பிரேசிலில் அடிமை முறை சட்டப்படி ஒழிக்கப்பட்டது 1888 மே 13 அன்று. அமெரிக்கக் கண்டங்களில் இதைக் கடைசியாகச் செய்த நாடு அதுதான். விடுதலை ஆனவர்களுக்கு நிலமோ, இழப்பீடோ எதுவும் தரப்படவில்லை.

கண்டோம்ப்ளே என்றால் என்ன?

கையில் எதுவும் இல்லாமல் வந்து இறங்கியவர்கள் மனதில் கொண்டுவந்தது தங்கள் தெய்வங்களை. யோருபா மொழியில் அவர்களுக்கு 'ஒரிஷா' என்று பெயர். இடி, நீதி இவற்றுக்கு ஷாங்கோ. கடலுக்கு இயெமாஞ்சா. நன்னீருக்கு ஒஷும். இரும்புக்கு ஒகும். நோய்க்கும் குணமாதலுக்கும் ஒமோலு. வழிகளைத் திறக்கும், செய்தி சுமக்கும் எஷு.

ஆப்பிரிக்காவில் பெரும்பாலும் ஒவ்வொரு ஊருக்கும் குலத்துக்கும் தனித்தனியாக இருந்த இந்த வழிபாடுகள், பிரேசிலில் ஒரே கூரையின் கீழ் சேர்ந்தன. வேறு வழியில்லை, வெவ்வேறு ஊர்க்காரர்கள் ஒரே தோட்டத்தில், ஒரே நகரத்தில் வேலை செய்தார்கள். இப்படி உருவானதுதான் கண்டோம்ப்ளே. அதன் வழிபாட்டு இடத்துக்கு 'டெர்ரெய்ரோ' என்று பெயர்.

இதற்குள் 'தேசங்கள்' என்று அழைக்கப்படும் பிரிவுகள் உண்டு. கேட்டு என்பது யோருபா வழி. ஜெஜே என்பது இன்றைய பெனின் நாட்டின் ஃபோன் மக்கள் சார்ந்த வழி. இதில் தெய்வங்களுக்கு 'வோடுன்' என்று பெயர். அங்கோலா என்பது பாண்டு மொழி மக்களின் வழி. எராக்ளிட்டோ சார்ந்திருப்பது கஷோயெய்ராவில் உள்ள ஒரு ஜெஜே டெர்ரெய்ரோ. அப்புறம் எப்படி 'யோருபாயியானோ'? ஏனென்றால் பஹியாவில் இந்த மரபுகள் 200 ஆண்டுகளாக ஒன்றோடொன்று கலந்தே வளர்ந்தவை. சுத்தமான, கலப்பில்லாத ஆப்பிரிக்கா ஒன்றை அவர் தேடவில்லை. கலந்து பிழைத்த ஒன்றைத்தான் தன் வேர் என்கிறார்.

இந்த மதத்தை அரசு நீண்ட காலம் குற்றமாகவே பார்த்தது. போலீஸ் சோதனை, கைது, வழிபாட்டுப் பொருட்கள் பறிமுதல் என்று தொடர்ந்தது. பஹியாவில் 1976 வரை டெர்ரெய்ரோக்கள் போலீஸிடம் பதிவு செய்துதான் விழா நடத்த முடியும். 1984-ல் சால்வடோரின் காசா பிராங்கா டெர்ரெய்ரோவைத் தேசியப் பாரம்பரியச் சின்னமாக ஏற்க முடிவானது. ஒரு கறுப்பின வழிபாட்டு இடத்துக்கு அந்த அங்கீகாரம் கிடைத்தது அதுவே முதல்முறை.

பாமாயில் எப்படிக் கலைப்பொருள் ஆனது?

ரேஷன் கடையில் கிடைக்கும் பாமாயில் உங்களுக்குத் தெரியும். அதே எண்ணெய்ப்பனை மரத்தின் பழத்திலிருந்துதான் பஹியாவின் 'டெண்டே' எண்ணெயும் வருகிறது. நம் கைக்கு வருவது சுத்திகரித்து நிறம் நீக்கியது. டெண்டே அப்படியல்ல, அடர் ஆரஞ்சு, கிட்டத்தட்ட சிவப்பு. வாசனையும் தூக்கலாக இருக்கும். இந்த மரத்தின் தாயகம் மேற்கு ஆப்பிரிக்கா. மனிதர்களைப் போலவே அதுவும் கடல் கடந்து வந்ததுதான்.

பஹியாவின் தெருவோரங்களில் தட்டைப்பயறு மாவை டெண்டேயில் பொரித்து விற்பார்கள். பெயர் 'அகராஜே'. யோருபா மொழியில் 'அகரா'. நம்ம வடை மாதிரியான பலகாரம். ஆனால் இது இயான்சா என்ற ஒரிஷாவுக்குப் படைக்கும் உணவும்கூட. ஆக டெண்டே ஒரே நேரத்தில் சமையல் எண்ணெய், பூஜைப் பொருள், வரலாற்றுச் சாட்சி.

எராக்ளிட்டோ இந்த எண்ணெயைத் தன் கலையின் அடிப்படைப் பொருளாக எடுத்துக்கொண்டார். அவருக்கு அது ரத்தம் மாதிரி ஓர் உயிர்த் திரவம். 'டிவிசோர்' என்ற படைப்பைப் பாருங்கள். கண்ணாடித் தொட்டி ஒன்றில் உப்புத் தண்ணீரும் டெண்டே எண்ணெயும் இருக்கும், அவ்வளவுதான். எண்ணெய் மேலே, தண்ணீர் கீழே. இரண்டும் தொட்டுக்கொண்டே இருக்கும், கலக்கவே கலக்காது. உப்புத் தண்ணீரை அட்லாண்டிக் கடலாகப் பாருங்கள். எண்ணெயை, அதைக் கடந்துவந்தும் கரைந்துபோகாத மக்களாகப் பாருங்கள். பள்ளிக்கூட அறிவியல் சோதனை மாதிரி தெரிந்த தொட்டி, ஒரு கண்டத்தின் கதையாக மாறிவிடுகிறது.

டெண்டேயோடு சர்க்கரை, உப்புக்கண்டம் ஆகியவையும் அவர் திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் பொருட்கள். இந்தத் தேர்வுக்குக் காரணம் உண்டு. சர்க்கரை, அடிமைகளின் உழைப்பில் விளைந்த தோட்டப் பயிரின் விளைச்சல். உப்பிட்டு உலர்த்திய மாட்டிறைச்சி அந்தக் காலனியப் பொருளாதாரத்தின் இன்னொரு சரக்கு. பஹியாவின் வரலாற்றை இந்த மூன்று பொருட்களை வைத்தே எழுதிவிடலாம். அவர் செய்வதும் அதுதான்.

உப்புக்கண்டத்தில் உடை தைத்தது ஏன்?

'மாமிசத்தின் உருமாற்றம்' என்று பொருள்படும் பெயருடைய அவரது நிகழ்த்துகலைப் படைப்பு 2000-ம் ஆண்டில் தொடங்கியது. இதில் கலைஞர்கள் உப்புக்கண்டத்தால் ஆன உடைகளை அணிந்திருப்பார்கள். பழுக்கக் காய்ச்சிய இரும்பால் அந்த இறைச்சியில் சூடு போடப்படும். சத்தம் கேட்கும். புகை எழும். கருகும் வாடை அரங்கம் முழுக்கப் பரவும்.

இங்கே யாருடைய உடம்பும் காயப்படுவதில்லை. ஆனால் அந்த வாடை மூக்கில் ஏறும்போது, மனித உடலில் இப்படித்தான் சூடு போட்டார்கள் என்ற உண்மையிலிருந்து நீங்கள் தப்பிக்க முடியாது. அடிமைகளுக்கு முதலாளியின் முத்திரையைச் சூடாகப் போடுவது அன்று சாதாரண நடைமுறை. அதைப் பாடப்புத்தகத்தில் படிக்கும்போது கண் அடுத்த வரிக்குத் தாவிவிடும். மூக்கு அப்படித் தாவாது.

2015-ல் சாவ் பாலோ நகரின் செஸ்க் பொம்பேயா மையத்தில், புகழ்பெற்ற நிகழ்த்துகலைஞர் மரீனா அப்ரமோவிச் தொடர்பான பெரிய கண்காட்சியின் ஒரு பகுதியாக இந்தப் படைப்பு மீண்டும் நிகழ்த்தப்பட்டது.

தலைக்கு உணவு படைப்பது என்ன சடங்கு?

எல்லாமே வலி பற்றியது என்று நினைத்துவிட வேண்டாம். 'போரி' என்ற படைப்பு இதற்கு நேர் எதிர்.

யோருபா சிந்தனையில் 'ஒரி' என்றால் தலை. ஆனால் அது வெறும் உடல் உறுப்பு இல்லை. ஒருவருடைய விதி, தனித்தன்மை, உள்ளே இருக்கும் வழிகாட்டி எல்லாம் அதுதான். அந்தத் தலைக்கு உணவு படைத்து வலுவூட்டும் சடங்கே போரி.

எராக்ளிட்டோவின் படைப்பில், பாயில் படுத்திருப்பவர்களின் தலையைச் சுற்றி அந்தந்த ஒரிஷாவுக்கு உரிய உணவு அடுக்கப்படுகிறது. 12 பேர், 12 தெய்வங்கள். ஒமோலுவுக்குச் சோளப்பொரி. ஷாங்கோவுக்கு வெண்டைக்காய். ஒஷாலாவுக்கு வெள்ளை மக்காச்சோளம். இதைப் புகைப்படத் தொடராகவும் எடுத்திருக்கிறார். மேலிருந்து எடுத்த அந்தப் படங்களில், கண்மூடிப் படுத்திருக்கும் கறுப்பின முகங்களைச் சுற்றி தானியங்கள் ஒளிவட்டம் போலத் தெரிகின்றன.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். சந்தையில் தலையை எண்ணி விற்கப்பட்டவர்களின் வாரிசுகள் இவர்கள். அதே தலையை, பசியாற்ற வேண்டிய தெய்வமாக நடத்துகிறது இந்தப் படைப்பு. முழக்கம் எதுவும் இல்லை. கோபமான ஒரு வார்த்தைகூட இல்லை. ஆனால் இதைவிட அழுத்தமான பதிலைச் சொல்லிவிட முடியுமா?

இரண்டு வீடுகளை ஏன் சுத்தம் செய்தார்?

இப்போது முதலில் சொன்ன வீடியோவுக்கு வருவோம். பெயர் 'சகுடிமென்டோ'. போர்த்துகீசிய மொழியில் 'உதறுதல்' என்று சொல்லலாம். கண்டோம்ப்ளேயில் வீட்டிலோ ஆளிடமோ ஒட்டிக்கொண்டிருக்கும் இறந்தவர்களின் ஆவிகளை இலைகளால் உதறி அனுப்பும் சடங்கு. 2015-ல் எராக்ளிட்டோ இதை இரண்டு கட்டடங்களில் செய்தார்.

ஒன்று, பஹியாவின் பிரயா டோ ஃபோர்த்தே அருகே உள்ள 'காசா டா டோர்ரே', அதாவது கோபுர வீடு. போர்த்துகீசியக் குடியேற்றக்காரர் கார்சியா டாவிலா 1551-ல் கட்டத் தொடங்கியது. மாட்டுப் பண்ணைகளால் வளர்ந்த இந்தக் குடும்பத்தின் நிலங்கள் வடகிழக்கு பிரேசிலின் உள்நாடு வரை பரந்திருந்தன. 18-ம் நூற்றாண்டில் இங்கே அடிமைகள் மீது நடந்த சித்திரவதைகள் பற்றி லிஸ்பனில் இருந்த மத விசாரணை மன்றத்துக்குப் போன புகாரை மானுடவியலாளர் லூயிஸ் மோட் வெளிக்கொண்டு வந்திருக்கிறார். இன்று அது இடிபாடு, சுற்றுலாத் தலம்.

இரண்டாவது, செனகல் நாட்டின் டாக்கர் கரையை ஒட்டிய கோரே தீவில் உள்ள 'அடிமைகள் இல்லம்'. 1978 முதல் கோரே தீவு யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னம். 1992-ல் போப் இரண்டாம் ஜான் பால், 2013-ல் பராக் ஒபாமா என உலகத் தலைவர்கள் பலர் வந்து நின்ற இடம். இந்தக் குறிப்பிட்ட வீட்டின் வழியாக எத்தனை பேர் அனுப்பப்பட்டார்கள் என்பதில் வரலாற்றாசிரியர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. பஹியாவுக்கு வந்த யோருபா மக்கள் பெரும்பாலும் ஏற்றப்பட்டதும் கோரேயில் அல்ல, தெற்கே பெனின் வளைகுடாக் கரையில். ஆனாலும் அட்லாண்டிக் அடிமை வியாபாரத்தின் அடையாளமாக உலகம் ஏற்றுக்கொண்ட வாசல் இதுதான். எராக்ளிட்டோ தேர்ந்தெடுத்ததும் அந்த அடையாளத்தைத்தான்.

ஒரு வீடு கடலுக்கு அந்தப் பக்கம், இன்னொன்று இந்தப் பக்கம். இரண்டு வீடியோக்களும் ஜோடியாகக் காட்டப்படும்போது, நடுவில் இருக்கும் கடல் உங்கள் கண்முன் வந்துவிடுகிறது. அவர் கேட்கும் கேள்வி இதுதான்: அடிமை முறை முடிந்துவிட்டது என்று சட்டம் சொல்லிவிட்டது, ஆனால் அந்த வீட்டின் ஆவி போய்விட்டதா?

சடங்கை மியூசியத்தில் வைக்கலாமா?

நியாயமான கேள்வி. கண்டோம்ப்ளேயில் பல விஷயங்கள் ரகசியமானவை. தீட்சை பெற்றவர்கள் மட்டுமே அறியக்கூடியவை. அதைக் கேலரியில் வைத்து, டிக்கெட் வாங்கி வருபவர்களுக்குக் காட்டுவது சரியா?

இங்கேதான் அவர் 'உள்ளே இருப்பவர்' என்பது முக்கியமாகிறது. எதைக் காட்டலாம், எதைக் காட்டக் கூடாது என்ற எல்லை அவருக்குத் தெரியும். அதற்கு அவர் தன் சமூகத்துக்குப் பதில் சொல்லவும் வேண்டும். கேலரியில் நாம் பார்ப்பது சடங்கிலிருந்து பிறந்த கலை. டெர்ரெய்ரோவின் மூடிய அறைக்குள் நடப்பது இல்லை.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. இந்தப் பொருட்கள் மியூசியத்துக்குள் வருவது இது முதல்முறை அல்ல. முன்பு அவை வந்தது கலையாக அல்ல, குற்றத்தின் தடயமாக. ரியோ டி ஜெனிரோவில் போலீஸ் பறிமுதல் செய்த வழிபாட்டுப் பொருட்கள் பல பத்தாண்டுகள் போலீஸ் மியூசியத்தில் கிடந்தன. மத சமூகத்தினரின் நீண்ட போராட்டத்துக்குப் பிறகு, 2020-ல்தான் அவை குடியரசு அருங்காட்சியகத்துக்கு மாற்றப்பட்டன. அந்தப் பின்னணியில் பார்த்தால், ஒரு கண்டோம்ப்ளே ஒகான் தன் விருப்பப்படி, தன் பெயரோடு அதே மாதிரியான அரங்கில் படைப்பை வைப்பது சின்ன விஷயம் இல்லை.

இவர் மட்டும்தானா?

இல்லை. இது ஒரு நீண்ட வரிசை. சால்வடோரில் 1922-ல் பிறந்த ரூபெம் வாலென்டிம், ஷாங்கோவின் இருமுனைக் கோடரி போன்ற சின்னங்களை வடிவியல் ஓவியங்களாக மாற்றினார். முன்னோர் வழிபாட்டுப் பூசாரியான மெஸ்த்ரே டிடி, பனை ஈர்க்கு, தோல், சோழி ஆகியவற்றால் சிற்பங்கள் செய்தார். எமனோயல் அராவுஜோ 2004-ல் சாவ் பாலோவில் ஆப்பிரிக்க-பிரேசில் அருங்காட்சியகத்தை நிறுவினார். 1967-ல் பிறந்த ரோசானா பவுலினோ, வாயும் கண்ணும் தைக்கப்பட்ட கறுப்பினப் பெண்களின் படங்களை எம்பிராய்டரி வளையங்களில் காட்டினார்.

எராக்ளிட்டோவும் கியூரேட்டராக மற்றவர்களுக்கு வழி திறந்தவர். 2018-ல் சாவ் பாலோ கலை அருங்காட்சியகமும் டோமி ஓடாகே நிறுவனமும் சேர்ந்து நடத்திய 'ஆப்பிரிக்க-அட்லாண்டிக் வரலாறுகள்' கண்காட்சியின் தொகுப்பாளர்களில் அவரும் ஒருவர். அது பின்னர் ஹூஸ்டன், வாஷிங்டன் வரை சென்றது. 2023-ல் சாவ் பாலோவின் 35-வது பினாலேயில் இசைக்கலைஞர் டிகானா சந்தானாவுடன் சேர்ந்து மூங்கில்களால் 'முடிவிலிகளின் காடு' ஒன்றை அமைத்தார்.

இது இன்று ஏன் முக்கியம்?

2022 கணக்கெடுப்பின்படி பிரேசில் மக்களில் 10.2 சதவீதம் பேர் தங்களைக் கறுப்பினத்தவர் என்றும், 45.3 சதவீதம் பேர் கலப்பினத்தவர் என்றும் சொல்லியிருக்கிறார்கள். அதாவது நாட்டில் பாதிக்கும் மேல். ஆனால் கண்டோம்ப்ளே, உம்பாண்டா மதங்களைச் சேர்ந்தவர்கள் என்று சொல்லிக்கொண்டவர்கள் சுமார் 1 சதவீதம்தான். 2010-ல் அது 0.3 சதவீதம். டெர்ரெய்ரோக்கள் தாக்கப்படுவதும் சிலைகள் உடைக்கப்படுவதும் இன்றும் நடக்கிறது. இந்தச் சூழலில் 'இதுதான் என் மதம்' என்று வெளியே சொல்லவே துணிச்சல் வேண்டும். அந்த 0.3 ஒன்றாக உயர்ந்ததற்குப் பின்னால் அந்தத் துணிச்சலும் இருக்கிறது.

2003-ல் வந்த ஒரு சட்டம் ஆப்பிரிக்க-பிரேசில் வரலாற்றையும் பண்பாட்டையும் பள்ளிகளில் கற்பிப்பதைக் கட்டாயமாக்கியது. எராக்ளிட்டோ போன்றவர்களின் படைப்புகள் அந்தப் பாடத்தை வகுப்பறைக்கு வெளியே கொண்டுபோகின்றன.

அவருடைய படைப்பை எங்காவது, ஆன்லைனிலோ நேரிலோ பார்க்க நேர்ந்தால் ஒரு எளிய வழி இருக்கிறது. 'இதுக்கு என்ன அர்த்தம்?' என்று உடனே தேடாதீர்கள். முதலில் 'இது என்ன பொருள்? எங்கிருந்து வந்தது? யார் கைவழியாக வந்தது?' என்று கேளுங்கள். எண்ணெய், சர்க்கரை, இறைச்சி, இலை எல்லாமே நம் சமையலறையில் புழங்குகிறவைதான். பதிலைத் தேடிப் போனால், அது ஒரு கப்பலிலும் அதில் வந்த மனிதர்களிடமும் உங்களைக் கொண்டுபோய் நிறுத்தும்.